முதல் பிச்சை

எந்த ராஜா ஆண்ட காலம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. காவிரி இரண்டாகப் பிரிந்து, கொஞ்ச தூரம் போய், மனசு கேட்காமல் மறுபடி ஒன்றாகச் சேர்கிற இடத்தில் ஒரு திட்டு இருந்தது. திட்டின் மேல் ஒரு மடம். தை மாதத்தில் அங்கே பனி இறங்கினால் கரை தெரியாது, தண்ணீர் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவர் முகம்கூடத் தெரியாது. குரலை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மடத்தின் குருவுக்கு வயது முப்பதுதான். சுற்றுவட்டாரத்தில் அவரைச் சின்னச்சாமி என்பார்கள். சீடர்களிலேயே மூத்தவர் நாச்சிமுத்து. வயது ஐம்பத்தாறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஆலாங்காட்டுப்புதூரில் அவருக்கு மஞ்சள் காடு உண்டு, வீடு உண்டு, பாவாத்தாள் என்று மனைவி உண்டு. ஒரே மகளையும் கட்டிக்கொடுத்தாயிற்று, இனிமேல் நமக்கென்ன என்று ஒருநாள் காலையில் பரிசல் ஏறி வந்துவிட்டார். வந்து மூன்று வருஷம் ஆகிறது. இன்னும் வெள்ளை வேட்டிதான். கடைசிவரை காவி கிடைக்காமலே போய்விடுமோ என்கிற கவலை அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

தன்னைவிட இருபத்தாறு வயது சின்னவர் காலில் விழுவதற்கு முதலில் அவருக்குக் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. குரு அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். ‘பெரியவரே’ என்பார். அதில் மரியாதை எவ்வளவு, கேலி எவ்வளவு என்று நாச்சிமுத்துவால் பிரித்துப் பார்க்க முடிந்ததில்லை.

மடத்தில் ஒரு வழக்கம். விடியும்போது எல்லோரும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்க வேண்டும். தனக்குக் கிடைத்த ஒவ்வொன்றின் பெயரையும் வாய்விட்டுச் சொல்லி நன்றி சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லி முடிக்கிறவரை யாரும் கரையேறக் கூடாது. இதில் நாச்சிமுத்துவை அடித்துக்கொள்ள ஆளில்லை. சூரியனில் ஆரம்பிப்பார். ஆறு, மழை, மண், மலை, காற்று, கரும்பில் ஊறும் சாறு, நெல்லில் பிடிக்கும் பால் என்று போய்க்கொண்டே இருப்பார். பனிக்குள்ளிருந்து அவர் குரல் மட்டும் கணீரென்று வரும். கூடவே மற்றவர்களின் பல் நடுங்கும் சத்தமும் வரும்.

அப்படிப்பட்டவர்தான் ஒருநாள் நன்றி சொல்லி முடித்து, ஈர வேட்டியோடு குருவின் முன்னால் போய் நின்றார்.

“சாமி, எல்லாத்துக்கும் நன்றி சொல்றனுங்க. ஒண்ணு விடறதில்லீங்க. அப்புறமும் மனசு ஏன் காய்ஞ்ச கட்டையாட்டம் கிடக்குது?”

குரு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“தை பௌர்ணமிக்கு இன்னும் பத்து நாள் இருக்குதுங்க பெரியவரே. போய் முதல் பிச்சை வாங்கிட்டு வந்துருங்க. காவி தந்தர்றேன்.”

நாச்சிமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

முதல் பிச்சை என்றால் என்ன என்று அந்தச் சீமையில் குழந்தைக்கும் தெரியும். காவி கட்டப் போகிறவன் தன் சொந்த வீட்டு வாசலுக்கே போய், முன்பின் தெரியாதவன் மாதிரி நிற்க வேண்டும். ‘அம்மா, பிச்சை’ என்று ஒரு தடவை குரல் கொடுக்கலாம். ஒரு மாடு கறக்கும் நேரம் காத்திருக்கலாம். அதற்குள் போட்டால் வாங்கிக்கொண்டு, ‘இந்த வீட்டு அடுப்பு அணையாதிருக்கட்டும்’ என்று வாழ்த்திவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். போடாவிட்டால் இன்னொரு நாள் போகலாம். ஆனால் அந்த இரண்டையும் தவிர வேறு ஒரு வார்த்தை வாயிலிருந்து வந்தால் பிச்சையும் செல்லாது, அதற்கப்புறம் ஆயுசுக்கும் காவியும் கிடையாது. வாங்கிய பிச்சையைக் குருவின் முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டும். அதுவரை வீட்டுப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்பதும் விதி. நாச்சிமுத்து மூன்று வருஷமாகத் தலைகாட்டவில்லை.

மறுநாளே பிச்சைப் பாத்திரத்தோடு பரிசலில் போனார். பனி விலகவில்லை. பரிசல்காரர் துடுப்புப் போடுவது கேட்டதே தவிர, நகர்கிறோமா நிற்கிறோமா என்று தெரியவில்லை. கரை இறங்கி நடந்தார். கண் பார்த்து நடக்கவில்லை. கால் அதுவாகவே போனது. வரப்பு வந்தது, வேலி வந்தது, வேப்பமரத்து வாசம் வந்தது.

கால் அதுவாகப் போனதுதான் வினை. வாசலில் செருப்பை எப்போதும் விடுகிற இடத்தில் விட்டார். நிலைப்படி தாழ்வு. தலை தானாகக் குனிந்தது. உள்ளே போனார். எட்டிய இடத்தில் சொம்பு இருந்தது. தண்ணீர் மொண்டு குடித்தார். தூணோரம் தன் இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். நடந்து வந்த அலுப்பில் ஒரு பெருமூச்சும் விட்டார்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த பாவாத்தாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். நம் ஆள் அதைப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் எதிரே தட்டு வந்தது. சாப்பிட்டார். மறுசோறு வந்தது. அதையும் சாப்பிட்டார். கை கழுவி, தோளில் துண்டைத் தேடி, அது இல்லாததால் வேட்டி முனையில் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அங்கே செருப்புக்குப் பக்கத்தில் அவருடைய பிச்சைப் பாத்திரம் கவிழ்ந்து கிடந்தது.

முகத்தில் ஈயாடவில்லை. பாத்திரத்தை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ஆற்றுக்கு வந்துவிட்டார். நல்லவேளையாக வாயைத் திறந்து ஒரு வார்த்தையும் பேசவில்லை. அவர் வீட்டில் சாப்பிடும்போது பேசுகிற வழக்கம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நடந்ததை ஒளிக்காமல் குருவிடம் சொன்னார். குரு சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை.

“வயிறு நெறஞ்சுதுங்களா பெரியவரே?”

“நெறஞ்சுதுங்க சாமி.”

“என்ன சாப்பிட்டீங்க?”

நாச்சிமுத்து வாயைத் திறந்தார்.  சோறா, களியா? குழம்பு என்ன? சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? மறுசோறு வாங்கிச் சாப்பிட்டது மட்டும் ஞாபகம் இருந்தது.

“அந்தம்மா எப்படி இருக்காங்க?”

 மூன்று வருஷம் கழித்துப் போய், மனைவியின் கையைத்தான் பார்த்திருக்கிறார். தட்டு வைத்த கை, பரிமாறின கை. முகத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. குருவின் முன்னால் நிற்கவே பிடிக்காமல் ஏதோ வேலை இருப்பதுபோல் தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

அடுத்த தடவை உஷாராக இருந்தார். விடிவதற்கு முன்னாலேயே பரிசல் ஏறினார். வீட்டு வாசலுக்கு இருபதடி முன்னாலேயே செருப்பைக் கழற்றினார். மேல்வேட்டியைத் தலையில் போர்த்திக்கொண்டு, பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நிலைப்படியிலிருந்து எட்டி நின்றார்.

“அம்மா, பிச்சை.”

உள்ளே பாத்திரம் உருட்டிய சத்தம் நின்றது. பாவாத்தாள் கதவோரம் வந்து பார்த்தாள். அவரையும் பார்த்தாள், கையிலிருந்ததையும் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

அவர் காத்திருந்தார். ஒரு மாடு கறக்கும் நேரம் எவ்வளவு என்று அவருக்கு நன்றாகவே தெரியும். முப்பத்தொரு வருஷம் கட்டிலில் படுத்தபடியே அவள் கறக்கும் சத்தத்தைக் கேட்டவர் ஆயிற்றே.

வாசலில் வேலையில்லாமல் நிற்பது அவருக்குப் புதுசு. பனிக்குள் வீடு பாதிதான் தெரிந்தது. ஓடும் சுவரும் எங்கேயோ மிதந்துகொண்டிருப்பது போலிருந்தது. யாரோ முகம் தெரியாதவர்களின் வீடு. யாரோ ஒருத்தி உள்ளே நடமாடுகிறாள். அவள் எழுந்திருக்கும்போது முழங்கால் சொடக்கென்று சத்தம் போடுகிறது. ஊதுகுழலை எடுத்து அடுப்பை ஊதுகிறாள். இரண்டு தடவை ஊதிவிட்டு ஒரு தடவை இருமுகிறாள். மறுபடி இரண்டு தடவை ஊதுகிறாள், மறுபடி இருமுகிறாள். கொட்டாயில் கட்டியிருக்கிற எருமை கத்துகிறது. ‘இரு சாமி, இதா வந்தர்றேன்’ என்று அதற்கும் பதில் சொல்கிறாள். அந்தக் குரலில் கோபமே இல்லை.

கூரை ஓட்டின் இடுக்குகளில் புகை கசிந்து பனியோடு கலந்தது. கொடியில் ஒரு துண்டு தொங்கியது. சிவப்புக் கரை போட்ட துண்டு. அவருடையதுதான். ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது. கட்டிக்கொள்ள ஆளில்லாத துண்டு ஏன் ஈரமாக இருக்கிறது என்று அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

நேரம் முடிந்துவிட்டது. அவள் வரவில்லை. விதி விதிதான். காலிப் பாத்திரத்தோடு திரும்பினார்.

“போடலீங்க சாமி,” என்றார் குருவிடம். காலிப் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டினார். “அவ மனசுல என்ன இருக்குதோ தெரியலீங்க. குடுக்க இஷ்டமில்லையாட்ட இருக்குது.”

“நின்ன நேரத்துக்கு என்ன பண்ணினீங்க?”

கேட்டுக்கொண்டிருந்தேன் என்றார் நாச்சிமுத்து. என்ன கேட்டீர்கள் என்றார் குரு. முழங்கால் சத்தத்தில் ஆரம்பித்தார். இருமலைச் சொன்னார். எருமைக்கு அவள் சொன்ன பதிலைச் சொன்னார். துண்டைப் பற்றிச் சொன்னார். அந்தப் புகை ரொம்ப வருஷமாக அவள் நெஞ்சுக்குள் போயிருக்க வேண்டும் என்றார். சொல்லச் சொல்ல வந்துகொண்டே இருந்தது. வெயில் முற்றம் முழுக்க வந்துவிட்டது.  எல்லாம் முடிந்த பிறகு குரு அவரைப் பௌர்ணமியன்று இன்னொரு தடவை போய்வரச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலை தண்ணீரில் நின்றபோது நாச்சிமுத்துவுக்குச் சூரியனில் ஆரம்பிக்க வரவில்லை. ஆறு, மழை எதுவும் வரவில்லை. வேறொரு பெயர் நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை பேர் முன்னால் அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. சும்மா நின்றுவிட்டார். அன்றைக்கு எல்லோரும் சீக்கிரம் கரையேறினார்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்து நன்றிகூடச் சொன்னார்.

பௌர்ணமியன்று காலையில் பனி எப்போதையும்விட அதிகம். இதுதான் கடைசி என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியும். தை பௌர்ணமிக்குத்தான் காவி தருவார்கள்; இன்றைக்குத் தவறினால் அடுத்த தை, அதற்குள் உடம்பு என்ன ஆகுமோ. வழி முழுக்க வாழ்த்தை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வாசலிலிருந்து எட்டி நின்று குரல் கொடுத்தார்.

பாவாத்தாள் உடனே வந்துவிட்டாள். இந்தத் தடவை அவர் முகத்தைப் பார்த்தார். முன்நெற்றி முடி முழுக்க நரைத்திருந்தது. போகும்போது ஒன்றிரண்டுதான் இருந்ததாக நினைப்பு. அதுவும் நிச்சயமாகத் தெரியவில்லை.

அவள் அவரைப் பார்க்காமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு பேசினாள். வழிப்போக்கரிடம் பேசுகிற மரியாதை அதில் இருந்தது.

“போன தடவ வந்தப்ப இன்னும் கொஞ்சம் நின்னிருக்கக் கூடாதுங்களா சாமி? எங்கூட்டுக்காரருக்குன்னா இருக்கறதப் போட்டுருவனுங்க. சாமிக்குப் போடறமேன்னு புதுசா ஒல வெச்சேன். வடிச்சு எடுத்துட்டு வந்து பார்த்தா வாசல்ல ஆளக் காணோம்.”

நாச்சிமுத்துவுக்குப் பதில் சொல்ல வாய் வந்தது. பேசக் கூடாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

அவள் உள்ளே போனாள். சட்டியில் அகப்பை உரசும் சத்தம் கேட்டது. அடிச்சட்டியை வழித்தெடுக்கிற சத்தம். ஒரு தடவை, இன்னொரு தடவை, விடாமல் வழித்தாள். பிறகு சட்டியோடு வெளியே வந்து, ஆவி பறக்கும் சோற்றை அவர் பாத்திரத்தில் வைத்தாள். அதன் மேல் கொள்ளுப் பருப்பு விட்டாள். ஓரத்தில் கத்தரிக்காய்ப் பொரியல் வைத்தாள். பரிமாறி முடித்தும் உள்ளே போகவில்லை.

“உங்க மடத்துல எங்கூட்டுக்காரர் இருக்காருங்க. பார்த்தீங்கன்னா ஒரு வார்த்த சொல்லோணும். போறப்ப, போகட்டுமான்னு அவரு என்னைக் கேக்கலீங்க. கேட்டிருந்தா போங்கன்னு சொல்லியிருப்பனோ என்னமோ. அவரு துண்ட வாராவாரம் தொவச்சுத்தான் போடறேன். இன்னும் தொவைக்கட்டுமா, இல்ல நிறுத்திரட்டுமான்னு கேட்டுச் சொல்லுங்க. ரெண்டுல எதுவானாலும் சரி. எதுவும் தெரியாம கெடக்கறதுதான் முடியலீங்க.”

சொல்லிவிட்டு, சட்டியை இடுப்பில் அணைத்தபடியே அவள் தலை குனிந்து கும்பிட்டாள். பிச்சை போட்ட பிறகு போட்டவர்கள் கும்பிடுவது முறை. அதற்குப் பதிலாக வாழ்த்துச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தால் முடிந்தது. சாயங்காலம் காவி.

‘இந்த வீட்டு அடுப்பு’ என்று மனசுக்குள் எடுத்தார். தொண்டைக்கு மேலே வரவில்லை. அவர் கண் அவள் இடுப்பில் இருந்த சட்டியில் போய் நின்றது. சட்டி துடைத்து வைத்தது போல் காலியாக இருந்தது. ஒரு பருக்கை இல்லை. மனசுக்குள் என்னவோ கழன்று விழுந்தது.

“பாவாத்தா, நீ சாப்பிட்டியா?”

வாயிலிருந்து வந்த பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்குத் தெரிந்தது. முப்பத்தொரு வருஷத்தில் அவர் அந்த வீட்டில் கேட்காத கேள்வி. கேட்க வேண்டும் என்று தோன்றாத கேள்வி.

 பாவாத்தாள் சட்டியை இடுப்பிலிருந்து இறக்கினாள். கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் இல்லீங்க,” என்றாள்.

அதற்கு மேல் அங்கே நிற்க அவருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பி நடந்தார். விதி உடைந்துவிட்டது, காவி போய்விட்டது, மூன்று வருஷம் தண்ணீரில் நின்றதெல்லாம் போய்விட்டது என்று புத்தி சொல்லிக்கொண்டே வந்தது. ஆனால் பரிசலில் உட்கார்ந்ததும் வந்த அழுகை காவிக்காக இல்லை. குலுங்கிக் குலுங்கி அழுதார். பரிசல்காரர் துடுப்புப் போட்டார். பனி அவர்களைச் சுற்றி வெள்ளையாக நின்றது. மடியிலிருந்த பாத்திரத்தின் சூடு மட்டும் வேட்டியைத் தாண்டித் தொடையில் உறைத்துக்கொண்டிருந்தது.

குரு ஆற்றங்கரைப் பாறையில் உட்கார்ந்திருந்தார். நாச்சிமுத்து பாத்திரத்தை அவர் முன்னால் வைத்தார். எட்ட நின்று கை கட்டிக்கொண்டார்.

“பிச்சை கிடைச்சுருச்சாட்ட இருக்குது.”

“இது செல்லாதுங்க சாமி. வாய் தவறிப் பேசிப்போட்டேன்.”

“வாழ்த்து சொன்னீங்களா?”

“அதும் சொல்லலீங்க. வரல.”

“பின்ன என்ன பேசினீங்க?”

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். ஏதோ பெரிய குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் போல மெல்லச் சொன்னார்.

“சாப்பிட்டியான்னு கேட்டுப்போட்டனுங்க.”

 ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை, ஓடுகிற சத்தம்தான் கேட்டது. குரு பக்கத்திலிருந்த தேக்கிலை ஒன்றை எடுத்துச் சோறு ஆறிவிடாமல் பாத்திரத்தை மூடினார். எழுந்து வந்து அதை நாச்சிமுத்துவின் கையிலேயே திரும்ப வைத்தார்.

“அந்தம்மா என்ன சொன்னாங்க?”

“இன்னும் இல்லீங்கன்னு சொன்னாங்க சாமி.”

“அப்புறம் இங்க வந்து எதுக்குங்க நிக்கறீங்க?”